பன்னிரண்டாவது இடுப்பு

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு டாக்டர் கண்ணுச்சாமி தன் மேஜை மேல் பன்னிரண்டு நோயாளி அட்டைகளைச் சீட்டுக்கட்டு போலப் பரப்பினார். துப்பறியும் முத்திருளன் கையைக் கட்டிக்கொண்டு அவற்றைப் பார்த்தான். அவனுடைய உதவியாளர் அன்னக்கொடி, இதில் ஜோக்கர் எதுங்க டாக்டர் என்று கேட்டாள்.

டாக்டர் கடைசி அட்டையைத் தொட்டார்.

"இவருதான். நல்லகாமன், கீழக்குயில்குடி. சாயங்காலம் நாலு மணிக்குள்ள இவரு கெடைக்கலைன்னா ஒரு பொம்பளையோட நடை போயிரும்."

விஷயம் இதுதான். எட்டு வருடம் முன்னால், 1979இல், டாக்டர் பன்னிரண்டு பேருக்கு இடுப்பு மூட்டை இரண்டாவது தடவையாக மாற்றினார். முதல் தடவை வைத்தது ஆட்டம் கண்டுவிட்டதால் அதைக் கழற்றிவிட்டு, வேறு மாதிரிக் கிண்ணமும் குண்டும் வைத்துச் சிமெண்ட் பூசி மூடினார். எட்டு வருடம் கழித்து அது எப்படி உழைக்கிறது என்று பார்ப்பதற்காக ஆஸ்பத்திரி மூன்று பேர் கமிட்டி ஒன்றைப் போட்டிருந்தது. பன்னிரண்டில் பத்து இடுப்பாவது நன்றாக இருந்தால் அந்த மாதிரியை இனியும் வைக்கலாம். இல்லாவிட்டால் மிச்சமிருக்கும் மூட்டுப் பெட்டிகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும்.

ஒன்பது இடுப்பு நன்றாக இருந்தது. இரண்டு தளர்ந்திருந்தது. பன்னிரண்டாவது இடுப்பு கடிதம் போட்டும் வரவில்லை.

"காணாமப் போனதை எந்தக் கணக்குல சேப்பீக?" என்றாள் அன்னக்கொடி.

"கெட்டுப் போனது கணக்குல. கமிட்டியோட விதி அது."

"என்ன விதியோ. எங்க வீட்டுக்காரரும் தெனமும் காணாமத்தான் போறாரு. சோத்து நேரத்துக்கு ஒரு சேதாரமும் இல்லாம வந்துர்றாரே."

டாக்டர் சிரிக்கவில்லை. இருவரையும் பெண்கள் வார்டுக்கு அழைத்துப் போனார். ஜன்னலோரக் கட்டிலில் ராமக்காள் படுத்திருந்தாள். விளக்குத்தூண் பக்கம் பூக்கட்டி விற்பவள், வயது முப்பத்தெட்டு. அவளுக்கு வைத்த முதல் மூட்டு ஆட்டம் கண்டு நாலு மாதம் ஆகிறது. அவள் அளவுக்குப் பொருந்துகிற ஒரே பெட்டி டாக்டரின் அலமாரியில் இருக்கிறது. கமிட்டி சம்மதித்தால் திங்கட்கிழமை ஆபரேஷன். சம்மதிக்காவிட்டால் பழையதை எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சும்மா விட்டுவிட வேண்டும். அப்புறம் ஆயுசுக்கும் கக்கத்தில் கட்டைதான்.

படுத்தபடியே அவள் விரல்கள் ஒரு பேண்டேஜ் துணி நூலில் இல்லாத பூவை வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன.

"அந்த ஆளு ஓடிப் போயிட்டாருன்னு சொல்றாக," என்றாள் ராமக்காள். "ஓடிப் போயிருக்காருன்னா இடுப்பு நல்லா இருக்குன்னுதானய்யா அர்த்தம். அதை எழுதிக்கிட்டு என்னைய விடக் கூடாதா?"

முத்திருளன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மத்தியானம்தான் அது ஞாபகத்துக்கு வந்தது. அப்போது அவனுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் இரண்டு காகிதங்கள் கொடுத்தார். ஒன்று பரிசோதனைப் படிவம், நோயாளியிடம் கேட்டு நிரப்ப வேண்டியது. மற்றொன்று வீட்டுக்குப் போகும்போது எல்லோருக்கும் கொடுக்கும் எச்சரிக்கைத் தாள். முத்திருளன் இரண்டையும் படிக்காமல் மடித்து அன்னக்கொடியிடம் நீட்டினான். படிப்பதெல்லாம் அவள் இலாகா.

மொபெட் ஓட்டுவதும் அவள் இலாகாதான். லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் முத்திருளனை எட்டுப் போடச் சொன்னார்கள். அவன் போட்டது பாதி வழியில் ஆறாக மாறி, அதிகாரியின் நாற்காலியில் போய் முடிந்தது. அன்றிலிருந்து மதுரையின் தலைசிறந்த துப்பறிவாளர் பின்சீட்டில்தான் பயணம் செய்கிறார்.

காளவாசல் தாண்டி, நாகமலை புதுக்கோட்டையில் திரும்பி, பத்து மணிக்கு கீழக்குயில்குடி டீக்கடையில் இறங்கினார்கள். முத்திருளன் ஏற்கெனவே யோசித்து முடித்திருந்தான். இரண்டு தடவை இடுப்பை அறுத்தவன் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பான். ஊரில் நொண்டி நடக்கிற ஆம்பளைகள் யார் யார், உடனே வரச் சொல்லுங்கள் என்று டீக்கடையில் அறிவித்தான்.

மூன்று பேர் வந்தார்கள். முதல் ஆளுக்குக் காலையில் கருவேல முள் குத்தியிருந்தது. அன்னக்கொடி தன் தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கால் அதை எடுத்துவிட்டாள். இரண்டாம் ஆள் புதுச் செருப்பு போட்டிருந்தார். கழற்றச் சொன்னதும் நேராக நடந்தார். மூன்றாம் ஆள் கொஞ்ச தூரம் வலது காலில் நொண்டினார், திரும்பி வரும்போது இடது காலில் நொண்டினார். விசாரித்ததில், நொண்டுகிறவர்களுக்குச் சர்க்காரில் ஏதோ கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தாராம்.

"அண்ணே," என்றாள் அன்னக்கொடி, "டாக்டரு இடுப்பை மாத்துனது எதுக்கு? நொண்டாம நடக்குறதுக்கு. நீங்க நொண்டுறவனாப் பாத்துத் தேடுறீக. கண்ணாடி போட்டவன் தட்டித் தடவி வருவான்னு காத்திருக்குற மாதிரி இருக்கு."

முத்திருளன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அதைத்தான் நானும் சோதித்துப் பார்த்தேன் என்றான்.

நல்லகாமன் வீட்டில் அவர் மனைவி சின்னத்தாய் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டதும் முறம் நின்றது. வீட்டுக்காரர் கேரளாவுக்கு ரப்பர் வெட்டப் போய் ஆறு மாதம் ஆகிறது, காயிதமே இல்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மறுபடி புடைத்தாள்.

முத்திருளன் தண்ணீர் கேட்கிற சாக்கில் கொல்லைப்புறம் எட்டிப் பார்த்தான். வேலி மறைவில் ஒரு மர நாற்காலி இருந்தது. உட்காரும் பலகை நடுவில் வட்டமாக ஓட்டை. குத்தவைத்து உட்காரக் கூடாத மனிதர் காலைக்கடனுக்குச் செய்துகொண்ட ஏற்பாடு. நாற்காலிக்குப் பக்கத்தில் பித்தளைச் செம்பு. செம்பைச் சுற்றி மண் ஈரமாக இருந்தது.

அன்னக்கொடியும் எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து சின்னத்தாயிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஏக்கா, மாமா கேரளாவுல இருந்து இதுக்கு மட்டும் தெனமும் வந்துட்டுப் போறாகளா?"

சின்னத்தாய்க்கு முகம் சிவந்துவிட்டது. "அவுக ஊருலயே இல்லத்தா. அய்யனார் கோயில் பந்திக்குக்கூட அவுக போகலை."

பந்தியைப் பற்றி யாரும் அவளிடம் கேட்கவில்லை. முத்திருளன் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினான்.

சமணர் மலை அடிவாரத்தில், தாமரைக்குளத்தை ஒட்டிய ஆலமரத்தடியில் கெடா வெட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது. அறுபது எழுபது பேர் வரிசை வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். குழம்பு வாசனையில் முத்திருளனின் மூளை ஒரு நிமிடம் வேலை செய்யாமல் நின்றது. அந்த நிமிடத்தில் அன்னக்கொடி டாக்டரின் எச்சரிக்கைத் தாளை விரித்தாள். முதல் வரியே போதுமாக இருந்தது. தரையில் சம்மணமிட்டு உட்காரக் கூடாது.

அந்தப் பந்தியில் தரையில் உட்காராத ஆள் ஒரே ஒருவர்தான். கடைசி வரிசை ஓரத்தில், வெள்ளைக் கல் ஒன்றின் மேல் மெத்தை போட்டு உட்கார்ந்து, இலையை எதிரே ஓர் அண்டாவைக் கவிழ்த்து அதன் மேல் போட்டுக்கொண்டு, தலையில் துண்டோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

முத்திருளன் அவரைவிடக் கல்லைத்தான் அதிகம் பார்த்தான். அது விநோதமான கல். தொப்பை போட்டு நடுவில் உப்பியிருந்தது. மேல் மூலை இரண்டிலும் முயல் காது மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் சாக்கின் இழை பதிந்திருந்தது.

"தையல் போட்டுக்கிட்டு பொறந்த கல்லை இப்பத்தான்ணே பாக்குறேன்," என்று அன்னக்கொடி அவன் காதில் சொன்னாள்.

"நல்லகாமன்," என்று முத்திருளன் சத்தமாகக் கூப்பிட்டான்.

அந்தப் பகுதியில் அது குலசாமி பெயர் மாதிரி, வீட்டுக்கு வீடு உண்டு. ஐந்து தலைகள் நிமிர்ந்தன. ஒரே ஒரு தலை மட்டும் இன்னும் கீழே குனிந்தது. கல் மேல் இருந்த தலை.

"ஆஸ்பத்திரியில இருந்து வாரோம்" என்று முத்திருளன் சொல்லி முடிப்பதற்குள் இலை காற்றில் பறந்தது. அண்டாவைத் தாண்டி, இரண்டு வரிசை ஆட்களைத் தாண்டி, நல்லகாமன் மலைப்படியை நோக்கி ஓடினார்.

சமணர் மலையில் படிகளைப் பாறையிலேயே வெட்டியிருக்கிறார்கள். பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. நல்லகாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். பின்னால் முத்திருளன். அவனுக்குப் பின்னால் அன்னக்கொடி, ஒரு கையில் படிவம், ஒரு கையில் பேனா.

"கேள்வி ஒண்ணு," என்று வாசித்தாள். "உதவியில்லாம நடக்க முடியுதா?"

"முடியுது," என்றான் முத்திருளன் மூச்சு வாங்கிக்கொண்டு.

"கேள்வி ரெண்டு. படி ஏற முடியுதா?"

"ரெண்டு ரெண்டாத் தாண்டுறாரு."

"அம்புட்டு எழுத எடமில்லண்ணே. முடியுதுன்னு போட்டுக்கிறேன். மூணு. கைப்பிடி தேவைப்படுதா?"

"எனக்குத் தேவைப்படுது."

"உங்களைப் பத்திக் கேக்கலை."

முத்திருளனின் இடுப்பு, பிறக்கும்போதே வந்த அசல் இடுப்பு, நூறாவது படியில் எச்சரிக்கை கொடுத்தது. நூற்று ஐம்பதில் வேலைநிறுத்தம் செய்தது. அவன் பாறையில் சாய்ந்து உட்கார்ந்து நாக்கைத் தொங்கவிட்டான். ராமக்காள் காலையில் சொன்னது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அன்னக்கொடி மட்டும் மேலே பார்த்தபடி டிக் அடித்துக்கொண்டிருந்தாள். திடீரெனத் திரும்புதல், முடியுது. குனிந்து ஒரு பொருளை எடுத்தல், முடியுது, எடுத்தது கல்லு. அதை எறியாமல் கீழே வைத்துவிட்டார், நல்ல மனிதர்.

நல்லகாமன் மேலே நின்று எட்டிப் பார்த்தார். துரத்தி வந்தவன் முகம் வெளிறி, கண் செருகிக் கிடப்பதைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்ச நேரம் இந்தக் காலும் அந்தக் காலும் மாற்றி மாற்றி நின்றார். பிறகு சுனையில் துண்டை நனைத்துக்கொண்டு தானே இறங்கி வந்து முத்திருளன் தலையில் பிழிந்தார். அன்னக்கொடி துண்டின் மறுமுனையைத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டாள்.

"பிடிச்சாச்சுண்ணே. ஆயுதம், நனைஞ்ச துண்டு."

நல்லகாமன் படியில் உட்கார்ந்தார். ஐம்பது வயது ஆள், கண் கலங்கியிருந்தது. ஜெயிலுக்குக்கூடப் போகிறேன், என் பெண்டாட்டியை ஒன்றும் கேட்காதீர்கள் என்றார். எதுக்கு ஜெயில் என்று முத்திருளன் கேட்டான். அவர் மடியிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து டைப் அடித்து வந்த கடிதம். பல தடவை பிரித்துப் பிரித்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. அன்னக்கொடி வாசித்தாள்.

"1979ஆம் ஆண்டு எங்கள் ஆஸ்பத்திரியில் பெற்றுச் சென்ற தங்கள் மூட்டை பரிசோதிக்க வேண்டியுள்ளது. மூட்டை இதுவரை எவ்வாறு பாதுகாத்து வருகிறீர்கள் என்ற விவரத்துடன் நேரில் வரவும். மூட்டை எக்ஸ்ரே எடுத்து உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டும். தவறினால் தாங்கள் மூட்டை இழந்தவராகக் கருதப்படுவீர்கள்."

வாசித்து முடித்தவள் முத்திருளனைப் பார்த்தாள். முத்திருளன் நல்லகாமனைப் பார்த்தான்.

"உங்களுக்கு ஆஸ்பத்திரியில என்ன வச்சாகண்ணே?" என்று கேட்டான்.

"கிண்ணம். கிண்ணத்துக்குள்ள ஒரு குண்டு. படம் போட்டுக் காமிச்சாக."

"மூட்டுன்னு சொல்லலையா?"

நல்லகாமன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். "மூட்டுன்னா இதுதானே. இதை அவுக தொடவே இல்லையே."

அன்னக்கொடி பேனாவால் கடிதத்தில் ஒரு எழுத்தைச் செருகினாள். மூட்டை என்பதற்கும் பரிசோதிக்க என்பதற்கும் நடுவில் ஒரு ப். டைப் அடித்தவருக்கு ஒற்றெழுத்து என்றால் ஆகாது போலிருக்கிறது. அந்த ஒரு ப் இருந்திருந்தால் இடுப்பு மூட்டைப் பார்க்கக் கூப்பிடுகிறார்கள் என்று விளங்கியிருக்கும். இல்லாததால் சாக்கு மூட்டையைக் கேட்கிறார்கள் என்றாகிவிட்டது. அவள் இதை விளக்கிச் சொல்லிவிட்டு, நல்லகாமன் வெட்கப்பட்டுச் சிரிப்பார் என்று காத்திருந்தாள்.

அவர் சிரிக்கவில்லை. முகம் இன்னும் வெளுத்தது.

"மூட்டையும் இருக்குத் தாயி," என்றார்.

அப்புறம் மெதுவாகச் சொன்னார். வீட்டுக்கு அனுப்பிய நாளில் ஆஸ்பத்திரியில் ஒரு மூட்டை கொடுத்தார்கள். உள்ளே வெள்ளை மாவு. மைதா என்று நினைத்துச் சின்னத்தாய் தோசை ஊற்றினாள். தோசை கல்லோடு கல்லாகிவிட்டது. தோசைக்கல்லைத் தூக்கினால் தோசையும் வரும், தோசையைத் தூக்கினால் கல்லும் வரும். அந்த வருட மழையில் கூரை ஒழுகி மூட்டை நனைந்து மொத்தமும் பாறையாகிவிட்டது. சாக்கு மக்கி உதிர்ந்து போனது. தரையில் உட்காரக் கூடாது என்று சொல்லியிருந்ததால், எங்கே போனாலும் அதை வண்டியில் எடுத்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொள்கிறார்.

"என்னைய நம்பிக் குடுத்ததைக் கல்லாக்கிட்டேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கொண்டு போய்க் காட்டுறது?"

"யாரு குடுத்தா?" என்று முத்திருளன் கேட்டான்.

நல்லகாமன் ஒரு பெயரைச் சொன்னார். முத்திருளன் மீசையைத் தடவிக்கொண்டான். அவனிடம் ஏதோ துப்புக் கிடைத்துவிட்டது என்று அன்னக்கொடிக்குத் தெரியும். மீசையே கிடையாது, ஆனாலும் அவன் அதைத் தடவுவது அந்த நேரத்தில்தான்.

மணி இரண்டரை. கெடா ஏற்றி வந்த டிராக்டர் சும்மா நின்றது. நல்லகாமன் கல் இல்லாமல் வர மாட்டேன் என்றார். நாலு பேர் பிடித்துக் கல்லை ஏற்றினார்கள். அதன் மேல் நல்லகாமன் உட்கார்ந்தார். மொபெட் முன்னால், டிராக்டர் பின்னால், ஊர்வலம் ஆஸ்பத்திரி வாசலில் மூன்று இருபதுக்கு வந்து நின்றது. வாட்ச்மேன் சிலை பிரதிஷ்டையா என்று விசாரித்தார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் கண்ணுச்சாமி ஈரம் காயாத பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கிண்ணம் நகரவில்லை. சிமெண்டில் விரிசல் இல்லை. எட்டு வருடத்துக்கு உண்டான தேய்மானம் மயிரிழை அளவு இருந்தது. படிவத்தை வாங்கிப் படித்தவர் ஓரத்தில் அன்னக்கொடி ‘மலையில் ஓடும்போது பார்த்தது’ என்று எழுதியிருந்த இடத்தில் நின்று, மலையில் ஓடினாரா, நான் ஓடக் கூடாது என்றல்லவா சொன்னேன் என்று பதறினார். அப்புறம் நாற்காலியில் விழுந்து, பத்து, என்றார். ரொம்ப மெதுவாக.

"இன்னொரு விஷயம் பாக்கி இருக்கு டாக்டர்," என்றான் முத்திருளன். கதவைச் சாத்தினான். அறையில் டாக்டர், நல்லகாமன், அன்னக்கொடி, நடுவில் வெள்ளைக் கல். "இவருகிட்ட மாவுக்கட்டு போடுற மாவு மூட்டையைக் குடுத்து அனுப்புன ஆளு இந்த ரூமுக்குள்ளதான் இருக்காரு."

அன்னக்கொடி தன் கை இரண்டையும் விரித்துக் காட்டினாள்.

"டாக்டர், இடுப்பு மாத்துனவுக வீட்டுக்குப் போகும்போது என்ன சொல்லி அனுப்புவீக?" என்று முத்திருளன் கேட்டான்.

டாக்டர் யோசிக்கவே இல்லை. பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது. "மூட்டை பத்திரமாப் பாத்துக்கங்க. ஜாக்கிரதையா வச்சுக்கிட்டா பத்து வருசம் வரும்."

"அதேதான்," என்றார் நல்லகாமன் பரவசமாக. "அட்சரம் மாறலை. பக்கத்துல திரும்பிப் பாத்தேன், கட்டிலை ஒட்டி மூட்டை இருந்துச்சு. இம்புட்டு நல்ல டாக்டரான்னு கண்ணுல தண்ணி வந்துருச்சு."

டாக்டர் கல்லைப் பார்த்தார். எட்டு வருடம் முன்னால் வார்டில் காணாமல் போன மாவு மூட்டைக்காக அவர் யார் யாரையெல்லாம் கோபித்துக்கொண்டார் என்பது முகத்தில் வரிசையாக வந்து போனது.

"டைப் அடிச்சவரு எழுத்துல ப்-ஐ விட்டாரு," என்றான் முத்திருளன். "நீங்க பேச்சுல அதை முழுங்கிட்டீக. இவரு டாக்டர் சொல்லைத் தட்டாத மனுசன். அம்புட்டுதான் கேஸு."

நாலு மணிக்கு டாக்டர் பன்னிரண்டு அட்டைகளோடு கமிட்டி அறைக்குள் போனார். நாலேகாலுக்குத் திரும்பி வந்தார். வார்டில் ராமக்காள் நூலைக் கையில் சுற்றிக்கொண்டு வாசலையே பார்த்திருந்தாள். அவர் அலமாரிச் சாவியைத் தூக்கிக் காட்டினார். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஆபரேஷன், மூன்று மாதத்தில் நடந்துவிடலாம், ஆனால் தரையில் மட்டும் இனி உட்காரவே கூடாது என்று டாக்டர் சொன்னார். ராமக்காள் திரும்பினாள்.

"தரையில உக்காராம எப்புடிங்கய்யா பூக்கட்டுறது? கூடை தரையிலதானே இருக்கும். ஒசரமா நாக்காலியில ஒக்காந்தா கை எட்டாதே."

வராந்தாவில் ஏதோ கரகரவென்று தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. நல்லகாமனும் வாட்ச்மேனும் கல்லை உருட்டிக்கொண்டு வந்து அவள் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள்.

"நாக்காலி மாதிரி ஒசரமும் இல்ல, தரை மாதிரி பள்ளமும் இல்ல. கூடையை ஒரு செங்கல்லு மேல தூக்கி வச்சுக்க, கை எட்டும்," என்றார் நல்லகாமன். "எட்டு வருசம் என்னையத் தாங்கியிருக்கு தாயி. இனிமே நீ வச்சுக்க."

டாக்டர் கல்லின் உயரத்தைச் சாணால் அளந்து பார்த்தார். இதன் மேல் இன்னும் ஒரு சாண் கனத்துக்கு மெத்தை தைத்துப் போட்டால் சரியாக இருக்கும் என்றார். நல்லகாமன் தான் அப்படித்தான் போட்டிருந்ததாகவும், மெத்தையை ஓடுகிற அவசரத்தில் பந்தியிலேயே விட்டுவிட்டதாகவும் சொன்னார். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, வழக்கமான வார்த்தைக்கு வாயைத் திறந்தார்.

"ராமக்கா, போகும்போது சொல்ல மறந்துருவேன், இப்பவே சொல்லிர்றேன். மூட்டைப்"

அங்கேயே நிறுத்திக்கொண்டார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அன்னக்கொடியைப் பார்த்தார்.

"இடுப்பைப் பத்திரமாப் பாத்துக்க," என்றார்.

"ரெண்டையும் பாத்துக்கிறேங்கய்யா," என்றாள் ராமக்காள்.